விட்டது முப்பத்தொண்ணு

உங்க மக எம்.பி.ஏ. என்ட்ரன்ஸ் எழுதணும்ங்கிறா, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியலைங்கிறா, அப்படித்தானே கேட்டீங்க? சரியான ஆள்கிட்டதான் கேட்டிருக்கீங்க அக்கா. ஒரே வரியில சொல்லிடலாம். ஆனா எனக்கு ஒரு வரியில சொல்ல வராது. சாத்தூர் வரைக்கும் பொறுத்துக்கோங்க. சரி, விருதுநகர் வரைக்கும்னு வச்சுக்கோங்க.

முதல்ல நான் யாருன்னு சொல்லிர்றேன். எம் பேரு வள்ளிமயில். கோவில்பட்டியில ஒரு நூல் மில்லு ஆபீஸ்ல எட்டு வருஷம் வேலை. எந்த ஊருக்கு எந்த லாரியில எத்தனை மூட்டை நூல் போகணும்னு பாக்குற வேலை. அந்தா மூணாவது சீட்டுல, பச்சைத் துண்டு போட்டு, வாயைத் திறந்து தூங்குறாக பாருங்க, அவுகதான் எங்க வீட்டுக்காரரு. ஆட்டு யாவாரம். எனக்கு திருச்சி காலேஜ்ல இடம் கிடைச்சிருக்கு, ரெண்டு வருஷம் அங்கயே ஹாஸ்டல். இவுக மதுரை வரைக்கும்தான் வாராக. அங்க ஒரு யாவாரியைப் பாக்கணுமாம். பஸ்ஸு கிளம்பி பத்து நிமிஷம் ஆகல, பொண்டாட்டி ஊரை விட்டுப் போறாளேன்னு ஒரு கவலை உண்டா? தூக்கம்.

கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆச்சு. குழந்தையா? இல்லக்கா, இன்னும் இல்ல. அதுவும் எல்லாரும் கேக்குற கேள்விதான். அதுக்கு மட்டும் எந்தப் புத்தகத்துலயும் விடை போடல.

எதுக்கு இந்தப் பரீட்சைன்னு கேப்பீங்க. மில்லுல எனக்கு மேல மேனேஜர்னு ஒரு நாற்காலி இருக்கு. எட்டு வருஷத்துல அந்த நாற்காலிக்கு மூணு பேரு வந்தாக. மூணு பேருமே எம்.பி.ஏ. முதல்ல வந்தவருக்கு ஹேங்க் நூலு எது, கோன் நூலு எதுன்னு தெரியாது. வளையமாச் சிட்டம் போட்டு வந்தா ஹேங்க், கூம்புல சுத்தி வந்தா கோன் சார்னு கையில எடுத்துக் குடுத்துக் காட்டினேன். ஆறு மாசம் ஆச்சு அவருக்குப் புரிய. புரிஞ்சதும் கோயமுத்தூருக்குப் போயிட்டாரு. ரெண்டாவது ஆளுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். மூணாவது வந்தது சின்னப் பையன், என்னை விட அஞ்சு வயசு கம்மி. ஈரோட்டு ஆர்டர் ஏன் லேட்டாகுதுன்னு காலையில எங்கிட்ட கேட்டுக்கிட்டான். சாயங்காலம் மீட்டிங்ல நான் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை மாத்தாம, படம் போட்டுக் காட்டுறான். முதலாளி கை தட்டுறாரு. நானும் தட்டினேன். தட்டாம இருக்க முடியுமா?

அன்னைக்கு வீட்டுக்கு வந்து முகத்தைக் கூடக் கழுவல. இந்த எம்.பி.ஏ.வை நானும் படிச்சே தீருவேன்னு சொன்னேன். இவுக சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே "படியேன்" அப்படின்னாக. அவ்வளவுதான். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. பாதி சோத்தை வச்சுட்டு எந்திரிச்சுட்டாக.

அது ஒரு பழக்கம் இவுகளுக்கு. எதையும் முழுசாப் பண்ண மாட்டாக. தட்டுல நாலு பருக்கை மிச்சம் வைப்பாக. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பிச்சாக, மூணு சுவரு அடிச்சாச்சு, நாலாவது சுவரு அஞ்சு வருஷமா அப்படியே நிக்குது. டிவியில படம் பாத்தா இடைவேளையோட எந்திரிச்சுருவாக. கேட்டா, "போதும்ல" அப்படிம்பாக. ஒரு தடவை எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்கு நானும் கூடப் போனேன். அத்தனை ஆடு நிக்குது. ரெண்டு மணி நேரம் சந்தையை வளைச்சு வளைச்சு நடக்குறாக, ஒண்ணையும் தொடல. கடைசியில ரெண்டே ரெண்டு ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு வாராக. எனக்கு மானம் போச்சு. ஏங்க, இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம்னு கேட்டேன். "மத்ததெல்லாம் நமக்கு ஆகாது" அப்படின்னாக.

நான் அப்படி இல்லக்கா. எனக்கு எதையும் விட்டா தூக்கம் வராது. பிளஸ் டூவுல ஆயிரத்தி நூத்தி நாப்பத்தொண்ணு, எங்க ஸ்கூல்ல நான்தான் ஃபர்ஸ்ட். எலிசபெத் டீச்சர் சொல்லுவாங்க, "வெள்ளைத் தாளைக் குடுத்துட்டு வராதீங்கடி, தெரியலைன்னாலும் எதையாவது எழுதி வைங்க, திருத்துறவங்களுக்கு மனசு இரங்கும்"னு. பத்துல ஏழு எழுதினாப் போதும்னு போட்டிருப்பான். நான் பத்தும் எழுதுவேன். அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி, நூலு கட்டும்போது ஊசி இறங்காது. அது ஒரு காலம்.

அதனால படிக்க ஆரம்பிச்சதும் முறையா ஆரம்பிச்சேன். உங்க மகளையும் இப்படியே பண்ணச் சொல்லுங்க. ஆறாம் வகுப்புல இருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் கணக்குப் புத்தகம் வாங்கினேன். சதவீதம், விகிதம், வட்டி, வேகம், எல்லாம் நம்ம சின்ன வயசுல போட்டதுதான், கை துருப்பிடிச்சிருக்கும், அதைத் தேய்க்கணும். தினமும் இங்கிலீஷ் பேப்பர் தலையங்கம் ஒண்ணு. மில்லு ரிசப்ஷன்ல கிடக்கும், சாப்பாட்டு நேரத்துல எடுத்து வாசிப்பேன். முதல் மாசம் ஒரு பத்தி முடிக்கிறதுக்குள்ள சாப்பாடு ஆறிப் போகும். மூணாவது மாசம் சாப்பாட்டுக்கு முன்னாடி பேப்பர் முடிஞ்சுரும். அப்புறம் ஒரு டைம் டேபிள். பெரிய சார்ட் பேப்பர்ல நாலு கலர்ல எழுதி, அந்தச் சுண்ணாம்பு அடிக்காத சுவத்துல ஒட்டினேன். மறுநாளே இவுக அது மேல சந்தைக் காலண்டரைத் தொங்க விட்டுட்டாக. ஏற்கனவே ஆணி இருந்துச்சாம்.

மூணு மாசம் கழிச்சு மாதிரிப் பரீட்சை எழுதினேன். கம்ப்யூட்டர்லதான், ஒரு கோச்சிங் சென்டர் நடத்துறது. மூணு பகுதி, ஒவ்வொண்ணும் நாப்பது நிமிஷம், மொத்தம் அறுபத்தாறு கேள்வி. நான் அறுபத்தாறும் எழுதினேன். ஒண்ணு விடல. கடைசிப் பத்தும் கண்ணை மூடிக்கிட்டு அழுத்தினதுதான், ஆனா விடல. முடிச்சதும் மார்க்கு வருது.

மைனஸ் ரெண்டு.

சிரிக்காதீங்க அக்கா. நான் என் ஆயுசுல அப்படி ஒரு மார்க்கைப் பாத்ததில்ல. சைபர் கேள்விப்பட்டிருக்கேன். சைபருக்குக் கீழயும் ஒரு ஆளை இறக்கலாம்னு அன்னைக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறுன்னு கோச்சிங்காரங்களுக்குப் போன் போட்டேன். ஒரு தம்பி எடுத்துச்சு. பாத்துட்டு, "அக்கா, நீங்க அறுபத்தாறையும் அட்டெண்ட் பண்ணிருக்கீங்க. இந்த வருஷம் இங்க யாருமே அப்படிப் பண்ணல" அப்படின்னுச்சு. எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு. அப்புறம்தான் விவரத்தைச் சொல்லுது. சரியான விடைக்கு மூணு மார்க்காம். தப்பா எழுதினா ஒரு மார்க்கைப் பிடுங்கிக்கிடுவானாம். விட்டா ஒண்ணும் பண்ண மாட்டானாம். "பாதியை விட்டுருங்க அக்கா, நல்ல மார்க் வரும்"ங்குது. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. விடுறதுக்கா தம்பி நான் மூணு மாசம் படிச்சேன்னு கேட்டுட்டுப் போனை வச்சுட்டேன்.

ஆனா விடணும்னு நினைச்சாலும் விட முடியலைக்கா. அதுதான் கஷ்டம். ஒரு கணக்கைப் பாத்தா, இது எனக்குத் தெரியாதான்னு ஒரு ரோசம் வந்துரும். பன்னெண்டு நிமிஷம் அதோட மல்லுக்கட்டுவேன். பக்கத்துலயே சுலபமான கணக்கு நாலு நிக்கும், அதைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். ரெண்டாவது பரீட்சை பதினொண்ணு. மூணாவது மறுபடியும் இறங்கி ஒன்பது. அன்னைக்கு அழுதுட்டேன். மில்லுல அந்தச் சின்னப் பையனுக்குக் கீழயே கிடந்து ரிட்டயர் ஆகப் போறேன்னு இவுககிட்ட சொல்லி அழுதேன்.

இவுக வந்து பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்தாக. "என்ன கேக்குறான், வாசி" அப்படின்னாக. இவுக படிச்சது எட்டாங் கிளாஸ். நான் தமிழ்ல சொன்னேன். எட்டு மாடி வீடு, எட்டு பேரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலர் பிடிக்கும், ஒரு ஊரு பிடிக்கும், யாரு எந்த மாடின்னு கண்டுபிடிக்கணும். அதுல இருந்து நாலு கேள்வி வரும். இவுக காதைக் குடைஞ்சுக்கிட்டே கேட்டாக: "எந்த மாடியில யாருன்னு ஒருத்தனையாவது அடிச்சுச் சொல்லிருக்கானா?" இல்லைங்க, இவன் அவனுக்கு மேல, அவன் இவனுக்குப் பக்கத்துல இல்ல, இப்படியேதான் சொல்லிருக்கான்னு சொன்னேன். "அப்ப விடு" அப்படின்னாக. "பல்லைப் பிடிச்சு வயசு பாக்க விடாதவன் ஆட்டுக்கு நான் விலையே கேக்க மாட்டேன்."

நான் கேக்கல. இருபது நிமிஷம் போட்டேன். நாலும் தப்பு. இவுக பாத்தாக ஒரு பார்வை.

அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் அதான். நான் வாசிக்க, இவுக ஸ்டூல்ல உக்காந்து சொல்ல. "இது எடு. இது விடு. இது என்ன, இம்புட்டு நீளமாப் பேசுறான், விடு." விடைக்கும் இவுகளுக்கும் சம்பந்தமே கிடையாது. கேள்வி முடியுறதுக்குள்ள கை ஆட்டிருவாக. எனக்குச் சண்டையாத்தான் வரும். ஒருநாள் பேப்பரை அவுக மேலயே எறிஞ்சேன். வாழ்க்கையில பாதியை விட்டவுக பேச்சைக் கேட்டு நானும் விடுறதான்னு கத்தினேன். பேப்பரை எடுத்து மடக்கிக் குடுத்துட்டு, "அடுத்ததை வாசி" அப்படின்னாக. மார்க் நாப்பது ஆச்சு. ஒரு மாசத்துல அறுபது. அப்புறம் எழுபதுக்கு மேல போச்சு.

இதுல இவுக பண்ணினது ஒண்ணும் இல்லக்கா, நீங்களே சொல்லுங்க. சும்மா உக்காந்து விடு விடுன்னு சொன்னாக. அதை யாரும் சொல்லலாம். கணக்குப் போட்டது நான், இங்கிலீஷ் வாசிச்சது நான். ஒவ்வொரு பரீட்சைக்கும் அப்புறம் எது தப்பு, ஏன் தப்புன்னு நோட்டுப் போட்டு எழுதினது நான். உங்க மககிட்ட அதைச் சொல்ல மறந்துறாதீங்க. பரீட்சை ரெண்டு மணி நேரம்னா, தப்பைப் பாக்க நாலு மணி நேரம்.

நிஜப் பரீட்சை நவம்பர்ல. ரெண்டாவது பகுதியில முதல் புதிரே ஒரு பக்கத்துக்கு நிக்குது. என்னை அறியாமலே "இது என்ன, இம்புட்டு நீளமாப் பேசுறான்"னு வாய்விட்டுச் சொல்லிட்டேன் போல. கண்காணிப்பாளர் வந்து, மேடம், பேசக் கூடாதுன்னுட்டுப் போனாரு. அப்புறம் மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டேன். எத்தனை விட்டேன்னு இது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க யாரோ எவரோ, அதனால சொல்றேன். முப்பத்தொண்ணு. அறுபத்தாறுல முப்பத்தொண்ணு, கை படாம. வெளிய வந்து எலிசபெத் டீச்சர் முகம்தான் ஞாபகம் வந்துச்சு. குத்தம் பண்ணின மாதிரி இருந்துச்சு.

ஜனவரியில ரிசல்ட்டு. தொண்ணூத்தாறு பர்சென்டைல். அப்படின்னா நூறு பேரு எழுதினா தொண்ணூத்தாறு பேரு எனக்குக் கீழ. எங்க தெருவுல எல்லாரும் நூத்துக்குத் தொண்ணூத்தாறு மார்க்குன்னு நினைச்சுக்கிட்டாக. நாலு கேள்வியை மட்டும் விட்டுட்டியேன்னு எங்க சித்தி வருத்தப்பட்டா. நான் திருத்தல.

அந்தா விருதுநகர் வந்துருச்சு. இன்னும் கொஞ்சம்தான் அக்கா, இதுதான் முக்கியமானது. இதை இவுககிட்டகூட இன்னும் சொல்லல. மெதுவாச் சொல்றேன், குனிஞ்சுக்கோங்க.

போன வாரம் அந்தச் சின்னப் பையனும் வேலையை விட்டுட்டான். பெங்களூருல கிடைச்சிருச்சாம். முதலாளி என்னைக் கூப்பிட்டாரு. "வள்ளிமயிலு, நீ பாஸ் பண்ணினதே போதும்மா. எதுக்கு ரெண்டு வருஷம்? இந்த நாற்காலியில நீ உக்காரு. சனிக்கிழமைக்குள்ள சொல்லு" அப்படின்னுட்டாரு. நாளைக்குச் சனிக்கிழமை.

அந்த நாற்காலிக்காகத்தானே அக்கா நான் பரீட்சையே எழுதினேன்? படிக்காமலே கிடைக்குதுன்னா எதுக்கு ஊரை விட்டுப் போகணும்? முப்பது வயசாகப் போகுது, இருபத்தி ரெண்டு வயசுப் பிள்ளைகளோட ஹாஸ்டல்ல போயி உக்காரணும். அங்க கூடப் படிக்கிறதுக வாயைத் திறந்தாலே இங்கிலீஷ்தானாம். பயமா இருக்குக்கா. அஞ்சு நாளா சோறு இறங்கல. ஒரு பக்கம் இப்பவே இறங்கித் திரும்பிப் போயிருவோம்னு தோணுது. இன்னொரு பக்கம், படிக்காம உக்காந்தா, நாளைக்கு நாலாவதா ஒரு எம்.பி.ஏ. வந்து நின்னா முதலாளி என்னை எந்திரின்னு சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்னும் தோணுது. இவுககிட்ட கேட்டா என்ன சொல்லுவாகன்னு தெரியும். கையை ஆட்டுவாக. எதை விடச் சொல்லி ஆட்டுவாகன்னுதான் தெரியல. அதான் சொல்லல. மதுரை வரட்டும். இவுக இறங்கும்போது நானும் கூடவே இறங்கிட்டாலும் இறங்கிருவேன். நீங்க தப்பா நினைக்காதீங்க.

*

வந்துட்டீங்களா அக்கா? டீ நல்லா இருந்துச்சா? நல்ல நேரத்துல இறங்கிப் போனீங்க போங்க. பத்து நிமிஷம் பஸ்ஸு நின்னதுக்குள்ள இங்க என்னென்னவோ நடந்து போச்சு.

பஸ்ஸு மதுரை மாட்டுத்தாவணி ஸ்டாண்டுக்குள்ள நுழையவும் இவுக முழிச்சுட்டாக. நேரா இங்க வந்து நின்னுக்கிட்டு, "தண்ணி பாட்டில் இருக்கா, பிஸ்கட் இருக்கா" அப்படின்னு கேட்டாக. எல்லாத்தையும் கொட்டிட்டேன். முதலாளி கூப்பிட்டது, நாற்காலி, நாளைக்குச் சனிக்கிழமை, எல்லாம்.

இவுக ஆச்சரியமே படல. "தெரியும்" அப்படின்னாக. முதலாளி ஞாயித்துக்கிழமையே வீட்டுக்கு வந்துட்டாராம். நான் எங்க அம்மாவைப் பாக்கப் போயிருந்தேன். "பொம்பளைப்பிள்ளையைத் தனியா அனுப்பாதீங்க, நீங்க சொன்னா கேக்கும்"னு இவுககிட்ட பேசினாராம்.

நீங்க என்ன சொன்னீகன்னு கேட்டேன்.

"டீ குடிச்சுட்டுப் போங்கன்னேன். குடிச்சாரு, போயிட்டாரு."

அவ்வளவுதானா? ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலன்னு கேட்டேன். "நீ எங்கிட்ட சொன்னியா?" அப்படின்னாக. சரி, இப்பச் சொல்லுங்க, நாற்காலியை விடவா, காலேஜை விடவான்னு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். எம்புட்டு நாள் ஸ்டூல்ல உக்காந்து விடு விடுன்னு உயிரை வாங்கின மனுஷன். எனக்கு வேணும்ங்கிற நேரத்துல துண்டை எடுத்து முகத்தைத் துடைச்சாக. "இதை நான் சொல்ல மாட்டேன் மயிலு. நான் சொன்னா, என் பக்கத்துல இருன்னுதான் சொல்லுவேன்" அப்படின்னாக.

அஞ்சு வருஷத்துல இப்படி ஒரு வார்த்தை இவுக வாயில இருந்து வந்ததே இல்லக்கா. அழுகை வந்துருச்சு எனக்கு. இவுகளுக்கும்தான், வெயிலு கூசுதுன்னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாக.

அந்த நேரம் பாத்து கண்டக்டர் வந்து, மதுரை ஆளு இன்னும் இறங்கலையான்னு சத்தம் போடுறாரு. இவுக பையை எடுக்கப் போனாக. இருன்னு சொல்ல ஆசைப்பட்டும் சொல்லாத மனுஷன் முன்னாடி, பயந்துக்கிட்டு நான் இறங்குறதா? நான் கண்டக்டர்கிட்ட, அண்ணே, இவுகளுக்கு ஒரு திருச்சி குடுங்கன்னு சொல்லிட்டேன். யாவாரி காத்துக்கிட்டு இருப்பாருன்னு இவுக முனங்கினாக. அவரு எங்கயும் போயிற மாட்டாருன்னு சொன்னேன். முதலாளிக்கும் நாளைக்கு நானே போன் பண்ணி, சார், வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு சொல்லிக்கிறேன். ரெண்டு வருஷம் கழிச்சு நாற்காலி அங்கயே இருந்தா உக்காருவேன். இல்லைன்னா வேற மில்லுலயும் நாற்காலி போட்டிருப்பாக.

உங்க மகளைப் பயப்படாம எழுதச் சொல்லுங்க அக்கா. என் நம்பரைக் குறிச்சுக்கோங்க, எந்தச் சந்தேகம்னாலும் கூப்பிடச் சொல்லுங்க.

அப்புறம் ஒரு உதவி. இவ்வளவு நேரம் என் பேச்சைக் கேட்டுக்கிட்டு வந்தீங்க, தப்பா நினைக்காதீங்க. அந்த மூணாவது சீட்டுல ஜன்னலோரம்தான், காத்து நல்லா வரும். நீங்க அங்க போயி உக்காந்துக்கிறீங்களா? திருச்சி வரைக்குமாவது இவுக என் பக்கத்துல இருக்கட்டும்.